பெங்களூரில் இடிப்பு வீட்டுச் சாமான் வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வீட்டை இடிக்கும்போது கழற்றி எடுக்கும் நிலை, கதவு, சன்னல், உத்திரம், ஓடு, கல் தூண், தரைக்கல், பித்தளைச் சாமான் ஆகியவற்றைப் புது வீட்டுக்கோ புதுப்பிக்கும் வீட்டுக்கோ வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. பெங்களூர்த் தமிழர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். கடைப் பேச்சில் புழங்கும் சொற்களையே பெரும்பாலும் பயன்படுத்தியிருக்கிறோம்.

பெங்களூரில் இவை எங்கே கிடைக்கும்?

கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்கும் சிவாஜிநகருக்கும் நடுவே இருக்கும் பாம்பூ பஜாரில் தொடங்குங்கள். மூங்கில், சவுக்குக் கம்போடு பழைய கதவு, நிலை, சன்னல் அடுக்கிய கடைகளும் அங்கே உண்டு. கீல், தாழ்ப்பாள், கைப்பிடி போன்ற சில்லறைச் சாமானுக்கு, சிக்பேட்டை பி.வி.கே. அய்யங்கார் ரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தை நல்லது. மைசூர் ரோட்டு டிம்பர் யார்டு புது மரத்துக்கான இடம். ஆனாலும் பழைய மரம் வாங்குமுன் அங்கே ஒரு நடை போய் அன்றைய தேக்கு விலையைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலை தெரியாமல் பேரம் பேச முடியாது.

இன்னொரு வழி நேரே இடிக்கும் இடத்துக்கே போவது. மல்லேஸ்வரம், பசவனகுடி போல 1890-களில் உருவான பேட்டைகளிலும், பிரேசர் டவுன், குக் டவுன், ரிச்மண்ட் டவுன் பக்கங்களிலும் பழைய பங்களாக்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. இடிப்புக் காண்டிராக்டர் வீட்டுக்காரரிடம் மொத்தமாகப் பேசி முடித்திருப்பார்; மரம், இரும்பு, ஓடு எல்லாம் அவர் கணக்கு. கடைக்குப் போய் இறங்குவதற்கு முன் அவரிடம் வாங்கினால் ஒரு ஏற்று கூலியும் கடைக்காரர் லாபமும் மிச்சம். அதைவிடப் பெரிய லாபம், கதவு சுவரில் நிற்கும்போதே திறந்து மூடிப் பார்க்கலாம். நிலையைக் கடப்பாரையால் நெம்பாமல் சுவரை உடைத்து எடுக்கச் சொல்லலாம். கழற்றும்போதுதான் பாதிச் சாமான் கெடுகிறது.

கடைகளில் உருது, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்து ஓடும். கதவுக்குப் பாகிலு, சன்னலுக்குக் கிட்டகி, நிலைக்குச் சௌகட்டு என்று தெரிந்தால் போதும். சிவாஜிநகர்ப் பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் பல கடைகள் மூடியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

கட்டட வேலை எந்தக் கட்டத்தில் இருக்கும்போது வாங்க வேண்டும்?

சுவர் எழுப்பும் முன். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். முதலில் கதவை வாங்குங்கள், பிறகு அதன் அளவுக்குச் சுவரில் வாசல் விடச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கொத்தனார் 7 அடிக்கு 3 அடி என்று வழக்கமான அளவில் வாசல் விட்டு, அதன் மேல் கான்கிரீட் விட்டமான லிண்டலும் போட்ட பிறகு பழைய கதவு தேடிப் போகிறார்கள். பழைய கதவு எதுவும் அந்த அளவில் இருப்பதில்லை. சில வீட்டு நிலைகள் 6 அடி உயரம்தான். சில பங்களாக் கதவுகள் 8 அடிக்கு மேல். கடைசியில் கதவின் மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் வெட்டுகிறார்கள். ஒரு சட்டத்தின் துளையில் (பொளி) இன்னொன்றின் முனையை (நாக்கு) செருகிப் பூட்டிய இடம் அதுதான். அதை வெட்டினால் இரண்டு மழைக்காலத்தில் கதவு தொங்கிவிடும்.

ஏற்கெனவே நிற்கும் வீட்டைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால், வாசலைவிடச் சிறிய நிலையாக வாங்குங்கள். இடைவெளியைச் செங்கல்லாலோ மேலே ஒரு கண்ணாடிச் சட்டத்தாலோ நிரப்பிக்கொள்ளலாம். பெரியதை வாங்கிச் சுருக்க முயலாதீர்கள்.

போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

5 மீட்டர் டேப், சிறு காந்தம், கூர்மையான ஸ்க்ரூ டிரைவர், டார்ச், 10 அடி நூல், உப்புத்தாள் ஒரு துண்டு, அளவுக் குறிப்பு. குறிப்பில் ஒவ்வொரு வாசலுக்கும் அகலம், உயரம், சுவர் கனம், கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது இருக்கட்டும். சுவர் கனத்தை மறந்துவிடுகிறார்கள். 9 அங்குலச் செங்கல் சுவருக்குச் செய்த நிலையை 6 அங்குல பிளாக் சுவரில் வைத்தால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். பூச்சு அதனோடு சேராமல் ஓரத்தில் விரிசல் விடும்.

‘பர்மா தேக்கு’ என்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?

பழைய பங்களாக்களில் பர்மா தேக்கு நிஜமாகவே உண்டு. மியான்மர் 2014-ல் தேக்குக் கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதால் பழைய மரத்துக்கு மவுசு கூடியது. அதனால் கண்ணில் படும் பழுப்பு மரமெல்லாம் கடையில் ‘பர்மா’ ஆகிவிட்டது. எந்த நாட்டுத் தேக்கு என்று கடையில் நின்று நிரூபிக்க வழியில்லை. தேக்குதானா என்று மட்டும் பாருங்கள், அதற்கு மட்டும் காசு கொடுங்கள்.

கதவின் பின்பக்கம், கீல் இருந்த பள்ளம், நிலையின் சுவர்ப் பக்கம் போன்ற கண்ணில் படாத இடத்தில் உப்புத்தாளால் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தேயுங்கள். தேக்கு என்றால் பொன்பழுப்பு நிறம் வரும். எண்ணெய்ப் பிசுக்கோடு தோல் வாசனை போல் ஒரு நெடி எழும். விரலுக்கு மெழுகு தடவியது போல் இருக்கும். குறுக்கு வெட்டில் வளையங்கள் தெளிவாகத் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் உடனே உறிஞ்சாது. நிறம் மேலோடு மட்டும் இருந்து, உள்ளே வெளிறிய மரம் தெரிந்தால் சாயம் பூசியிருக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து வீடுகளில் தேக்கைத் தவிர வேங்கை, கருமருது, பலா, ஈட்டி எல்லாம் உண்டு. கன்னடத்தில் ஹொன்னே என்று சொன்னால் அது வேங்கை; மத்தி என்றால் மருது வகை. வேங்கை நிலை நல்ல வைரம் பாய்ந்ததாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஈரம் பட்டால் மஞ்சள் சாயம் விடும், அதனால் வெள்ளைச் சுவர் ஓரத்தில் முதலில் ஒரு கை வார்னிஷ் அடித்துவிட வேண்டும்.

புதிதாகச் செய்து பழசு போல ஆக்கியதும் விற்பனைக்கு வருகிறது. அதைக் கண்டுபிடிக்கத் தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிஜமான பழைய கதவில் தாழ்ப்பாள் உரசிய தடம், கை படும் இடத்தில் வழவழப்பு, கீழ்ச் சட்டத்தில் கால் பட்ட தேய்வு இருக்கும். செயற்கையாகத் தேய்த்தது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கத்தில் கை இழைப்புளித் தடம் ஏற்ற இறக்கமாகத் தெரியும். மெஷின் இழைத்தது சீரான சிறு அலை போல் தெரியும்.

கரையானும் உளுவும் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இரண்டும் வேறு வேறு. கரையான் மேல்தோலை விட்டுவிட்டு உள்ளே தின்னும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங்’ என்ற சத்தம் ‘பொத்’ என்று மாறும் இடத்தில் முனையை வைத்து அழுத்துங்கள். நல்ல மரத்தில் புள்ளி மட்டும் விழும். கெட்ட மரத்தில் உள்ளே இறங்கும். நிலையின் இரண்டு கால்களும் தரைக்குள் புதைந்திருந்த கடைசி 6 முதல் 9 அங்குலம்தான் முதலில் போகும். கடைகளில் அந்த இடத்தில் மண் அப்பியிருக்கும். சுரண்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பகுதி மட்டும் கெட்டிருந்தால் வாங்கலாம், ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

உளு என்பது வண்டுப் புழு. குண்டூசித் தலை அளவு ஓட்டையும், மைதா போல மாவும் அடையாளம். இது பெரும்பாலும் மரத்தின் வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். தேக்கு வைரத்தை அவ்வளவாகத் தொடாது. ஓட்டை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், அது ஐம்பது வருஷத்துக்கு முந்தையதாக இருக்கலாம். உயிரோடு இருக்கிறதா என்பதே கேள்வி. வீட்டுக்கு வந்ததும் மரத்தைத் தட்டி மாவை உதறிவிட்டு, கறுப்புத் தாள் விரித்து அதன் மேல் இரண்டு வாரம் வையுங்கள். புது மாவு கொட்டியிருந்தால் புழு இருக்கிறது.

மருந்து: 1 லிட்டர் வெந்நீரில் 60 கிராம் வெங்காரம், 40 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பெயிண்ட் நீக்கிய வெறும் மரத்தில் இரண்டு கை, ஒவ்வொன்றும் நன்றாக ஊறும்படி. பெயிண்ட் மேல் பூசினால் ஒரு பயனும் இல்லை. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். இது தண்ணீரில் கரைந்து போகக்கூடியது, அதனால் காய்ந்ததும் மேலே எண்ணெயோ வார்னிஷோ கட்டாயம். நேரே மழை படும் இடத்துக்கு இது நிற்காது. கரையான் பிடித்த துண்டுக்கு இது போதாது. அதை வெட்டி எறிந்துவிட்டு, தரையிலும் சுவர் ஓரத்திலும் கரையான் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிடுங்கள்.

கதவைத் தனியாக வாங்கலாமா, நிலையோடுதான் வாங்க வேண்டுமா?

நிலையோடு வாங்குங்கள். அறுபது வருஷம் ஒரு நிலையில் நின்ற கதவு அந்த நிலையின் கோணலுக்கே பழகியிருக்கும். தனியாக எடுத்து நேரான புது நிலையில் மாட்டினால் ஒரு மூலை ஒட்டாமல் நிற்கும். தவிர்க்க முடியாமல் தனிக் கதவு வாங்கினால், தரையில் படுக்க வைத்து மூலைக்கு மூலை இரண்டு நூலைக் குறுக்காக இழுத்துப் பிடியுங்கள். நடுவில் நூல்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். கால் அங்குலம் விலகினாலே கதவு முறுக்கியிருக்கிறது. இழைத்துச் சரிசெய்ய முடியாது. பிறகு இரண்டு மூலைவிட்டத்தையும் டேப்பால் அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் கதவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. மூட்டுகளைக் கழற்றிப் பூட்டினால் இது சரியாகும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் பழைய கதவுகளில் பல குடுமிக் கதவு. கீல் கிடையாது. கதவின் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையிலுள்ள குழியில் சுழலும். இதற்கு அதன் நிலை இல்லாமல் மதிப்பே இல்லை. கீழ்க் குடுமி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். குட்டையாகிப் போயிருந்தால், குழியில் ஒரு பித்தளை வட்டு வைத்து உயர்த்திக்கொள்ளலாம். வெடித்திருந்தால் குடுமியை வெட்டிவிட்டு இரும்புக் குடுமி மாட்ட வேண்டும். அதற்குத் தெரிந்த ஆசாரி வேண்டும்.

இரட்டைக் கதவு என்றால் இரண்டு பக்கமும் ஜோடிதானா என்று பாருங்கள். வேறு வேறு வீட்டுக் கதவுகளைச் சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். சட்டத்தின் அகலம், பலகையின் ஓர வேலை, நடுவில் ஒன்றின்மேல் ஒன்று படியும் காடி எல்லாம் பொருந்த வேண்டும்.

விலையை எப்படிக் கணக்கிடுவார்கள்?

கனமான மரத்துக்குக் கன அடிக் கணக்கு, கடையில் சி.எஃப்.டி. என்பார்கள். நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 7 அடி உயரம், 4 அடி அகலம், 5 அங்குலத்துக்கு 4 அங்குலச் சட்டம் கொண்ட நாலு பக்க நிலை: இரண்டு கால் 14 அடி, மேலும் கீழும் 8 அடி, ஆக 22 அடி. 22 × 5 × 4 ÷ 144 = சுமார் 3.06 கன அடி. தேக்கு ஒரு கன அடி சுமார் 19 கிலோ என்பதால் நிலை மட்டும் 58 கிலோ வரும்.

இதில் கழிக்க வேண்டியதைக் கழிக்கச் சொல்லுங்கள். கால்களில் அரை அடி அரை அடி கெட்டிருந்தால் அதற்கு மரக்காசு கொடுக்க வேண்டாம், 0.14 கன அடி குறையும். கதவு, சன்னலுக்குச் சதுர அடிக் கணக்கு, வேலைப்பாடு உள்ளதற்கு மொத்த விலை, இரும்பு, பித்தளைக்கு எடைக் கணக்கு. மொத்த விலை சொன்னாலும் நீங்கள் மனதுக்குள் கன அடிக்கு மாற்றிப் பாருங்கள்.

அதன் பிறகு உண்மையான கணக்கு தொடங்குகிறது. பெயிண்ட் எடுக்க, கால் ஒட்டுப் போட, மூட்டு இறுக்க, கீல் மாற்ற என்று ஒரு சாதாரண இரட்டைக் கதவுக்கு ஆசாரிக்கு நாலு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மர விலை, நாலு நாள் கூலி, வண்டி, ஏற்று இறக்கு, பாலிஷ் எல்லாம் கூட்டி, அதே அளவுக்குப் புதுத் தேக்குக் கதவு செய்தால் ஆகும் செலவோடு ஒப்பிடுங்கள். எளிய சட்டக் கதவுக்குப் பழசு பல நேரம் லாபமில்லை. அகலமான ஒற்றைப் பலகை, கனத்த உத்திரம், செதுக்கு வேலை, இவற்றில்தான் பழசு ஜெயிக்கிறது, ஏனென்றால் அந்த அகலத்தில் புது மரம் கிடைப்பதே அரிது.

பழைய உத்திரத்தை அறுத்துப் பலகையாக்க மில்லில் மறுக்கிறார்கள். ஏன்?

ஆணி. உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி மில்லின் ரம்பப் பல்லை உடைத்துவிடும். முதலில் கையடக்க மெட்டல் டிடெக்டரால் நாலு பக்கமும் தடவி, சத்தம் வரும் இடத்தில் சாக்பீஸ் குறி போட்டு, ஆணியைக் குறடால் பிடுங்குங்கள். தலை முறிந்ததைச் சுற்றி உளியால் குடைந்து எடுங்கள். இரும்பு இருந்த இடத்தில் தேக்கு நீலக்கறுப்பாக மாறியிருக்கும். அந்தக் கறையே ஆணிக்கு வழிகாட்டி. இதையெல்லாம் முடித்துக்கொண்டு போனால் மில்லில் ஒத்துக்கொள்வார்கள், ‘பிளேடு உடைந்தால் உங்கள் செலவு’ என்ற பேச்சோடு.

மெட்ராஸ் டெரஸ் மாடி இடித்த வீடுகளின் கட்டைகள் இதற்கு மிக நல்லவை. நெருக்கமாக வைத்த தேக்குக் கட்டைகளின் மேல் ஓர் அங்குலக் கனச் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் நிறுத்திக் கட்டிய கூரை அது. மரத்தில் ஆணி குறைவு, சுண்ணாம்புதான் ஒட்டியிருக்கும். 10 அடி நீளம், 5 அங்குலத்துக்கு 3 அங்குலக் கட்டை ஒன்று சுமார் 1.04 கன அடி. சுவருக்குள் இருந்த இரண்டு முனையையும் ஓரடி ஓரடி கழித்தே கணக்குப் போடுங்கள். அறுக்கையில் சேதாரம் கால் பங்குக்கு மேல் போகும்.

பழைய பெயிண்டைச் சுரண்டுவதில் என்ன ஆபத்து?

ஈயம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட், அதிலும் பழைய பச்சை, மஞ்சள், சிவப்பு, எல்லாவற்றிலும் ஈயம் இருக்கிறது என்றே வைத்து நடந்துகொள்ளுங்கள். உலர்ந்த உப்புத்தாளோ கிரைண்டரோ போட்டால் தூள் வீடெல்லாம் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. நெருப்புப் பந்தத்தால் எரித்து எடுப்பது அதைவிட மோசம், ஈயப் புகை நேரே நுரையீரலுக்குப் போகும்.

சரியான முறை: வெளியிடத்தில் பிளாஸ்டிக் விரித்து, பெயிண்ட் ரிமூவர் பூசி, 15-20 நிமிஷத்தில் கொப்பளித்ததும் சுரண்டி, மிச்சத்தை ஈர உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். துணி முகமூடி போதாது, வடிகட்டி வைத்த முகமூடி வேண்டும். சுரண்டியதைத் தனிப் பையில் கட்டுங்கள். செடித் தொட்டியில் கொட்டாதீர்கள்.

காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தேக்கு கறுத்துப்போகும், பழைய பசை விட்டுப்போகும், மூட்டில் தங்கிய காஸ்டிக் பின்னாளில் பாலிஷை உரித்துத் தள்ளும். வேண்டாம்.

வாங்கி வந்ததும் பொருத்தலாமா?

திறந்தவெளியில் மழையில் கிடந்த மரம் என்றால் மூன்று நாலு வாரம் வீட்டுக்குள், அடியில் கட்டை கொடுத்து, காற்றுப் போகும்படி அடுக்கி வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும்.

கெட்ட காலுக்கு ஒட்டுப் போடும்போது நேராக வெட்டி ஒட்டக் கூடாது. சாய்வெட்டாக, மரக் கனத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்காவது இணைப்பு இருக்க வேண்டும். 4 அங்குலக் கட்டைக்கு 12 அங்குலம். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை வழுக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் புதிதாக இழைத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பசை போடச் சொல்லுங்கள். புதுக் காலை மீண்டும் மண்ணிலோ ஈரத் தரையிலோ புதைக்காமல் ஒரு கருங்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். நிலைக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று இரும்புப் பிடி, கான்கிரீட்டில்.

மூட்டுகளை மூங்கில் ஆணியோ மர ஆணியோ அடித்துப் பூட்டியிருப்பார்கள். ஆசாரி அவசரத்தில் இரும்பு ஆணி அடிக்க வருவார், விடாதீர்கள். பழைய மர ஆணியை டிரில் போட்டு எடுத்து, மூட்டை இறுக்கி, புது மர ஆணி அடிக்க வேண்டும்.

ஆளி விதை எண்ணெய் பூசினால் ஒரு எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வைத்துவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

மங்களூர் ஓடு வாங்கும்போது?

பின்பக்க முத்திரையைப் பாருங்கள். பேசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு எத்தனையோ கம்பெனிகள் வந்தன. ஒவ்வொன்றின் காடியும் நூலளவு வேறு. இரண்டு முத்திரையைக் கலந்து போட்டால் ஒன்றோடொன்று படியாமல் மழைத் தண்ணீர் உள்ளே வரும். ஒரே முத்திரையாகப் பொறுக்குங்கள்; கலந்துதான் கிடைக்கிறது என்றால் கூரையின் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு முத்திரை என்று பிரியுங்கள்.

100 சதுர அடிக்குச் சுமார் 150 ஓடு. உடைசலுக்கு ஒரு 15 கூட. ஒவ்வொன்றையும் ஒரு கையில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டுங்கள். மணி போல் கணீர் என்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் உள்ளே விரிசல். ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், பத்து ஓட்டைத் தரையில் மாட்டி அடுக்கி அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். கூரைச் சரிவு, 2 அடி ஓட்டத்துக்கு 1 அடி உயரத்துக்குக் குறையக் கூடாது.

பூப்போட்ட பழைய சிமெண்ட் தரைக்கல் மறுபடி பதிக்க முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். வழக்கமான அளவு 8 அங்குலச் சதுரம். 100 சதுர அடிக்கு 225 கல், 15 சதவீதம் கூட்டி 260 வாங்குங்கள். எடை கிட்டத்தட்ட 470 கிலோ வரும். மேலே நிறம் இருப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே, அதனால் மூலை உடைந்ததையும் நிறம் தேய்ந்து அடி தெரிவதையும் ஒதுக்குங்கள். பின்பக்கச் சாந்து சுண்ணாம்பு என்றால் ஒருநாள் ஊறவைத்துச் சிற்றுளியால் தட்டினால் உதிரும். சிமெண்ட் சாந்து என்றால் கல்லோடு பிய்த்துக்கொண்டு வரும். பத்துக் கல்லைச் சோதித்துப் பார்த்துவிட்டே மொத்தத்துக்கும் பேசுங்கள். ஆசிட் ஊற்றிக் கழுவ யாரையும் விடாதீர்கள். ஆசிட் சிமெண்டைக் கரைக்கும், நிறமும் சேர்ந்து போய்விடும்.

ரெட் ஆக்ஸைடு தரையைப் பெயர்த்து எடுக்க முடியாது. அது புதிதாகப் போட வேண்டியது.

கல் தூணும் சப்படிக் கல்லும் (தட்டையான கற்பலகை)?

எடையைக் கணக்கிடாமல் பேசாதீர்கள். கருங்கல் ஒரு கன அடி 76 கிலோ. 8 அடி உயரம், 8 அங்குலச் சதுரத் தூண் ஒன்று 270 கிலோ. கையால் தூக்க ஆறு பேர், சின்ன சந்து என்றால் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி). மாடியில் நிறுத்துவதாக இருந்தால் என்ஜினியரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். சப்படிக் கல்லைத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். மயிரிழை விரிசலில் ஈரம் கோடாக நின்று காட்டிக்கொடுக்கும்.

பித்தளைச் சாமான் அசல்தானா?

காந்தம் ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டால் அடியில் லேசாகச் சுரண்டுங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் துத்தநாக வார்ப்பு. கீலை ஜோடியாகப் பொருத்திப் பாருங்கள், ஆணி தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால் கனத்த கதவுக்கு ஆகாது.

எதை வாங்கவே கூடாது?

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், என்ன விலைக்குக் கொடுத்தாலும். அறுத்தாலும் உடைத்தாலும் பறக்கும் நார் நுரையீரலில் தங்கும். பழைய மின் சுவிட்சும் வயரும் காட்சிக்கு மட்டும், மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய கண்ணாடி மெல்லியது, உடைந்தால் கத்தி போல் சில்லாகும். தரையை ஒட்டிய தாழ்வான சன்னலிலும் குளியலறையிலும் டஃபன் (வலுவேற்றிய) கண்ணாடிக்கு மாற்றிவிடுங்கள். பழைய ஃபிளஷ் டேங்க் ஒரு இழுப்புக்கு 10 லிட்டருக்கு மேல் விழுங்கும். பெங்களூர்த் தண்ணீர் நிலைமையில் அது வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த இரும்பு பீமைத் தாங்கு வேலைக்குப் போடாதீர்கள்.

நூறு வருஷப் பழசு வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா?

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருள் போன்றவை தொல்பொருள் வரையறைக்குள் வரலாம். அவற்றை விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சாதாரணத் தேக்கு நிலைக்கு இந்தத் தொல்லை வருவது அரிது. தெய்வ உருவம் செதுக்கிய பலகை, கோயில் தூண், தேர்ச் சிற்பம் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது திருட்டுப் பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எது வாங்கினாலும் பில் கேளுங்கள். பழைய மரம், அளவு, எண்ணிக்கை, எந்தப் பேட்டை வீடு என்று எழுதி வாங்குங்கள். வழியில் வனத்துறையோ போலீஸோ நிறுத்தினால் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

காரைக்குடிக்கே போய் வாங்கி வரலாமா?

முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தேர்வு அதிகம்தான். நாலைந்து பெரிய உருப்படி வாங்குவதாக இருந்தால் போகலாம். ஒரு கதவுக்காகப் போனால் வண்டி வாடகையில் லாபம் கரைந்துவிடும். மாநிலம் தாண்டி 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு வந்தால் இ-வே பில் (சரக்கோடு வரவேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டு) வேண்டும், கடைக்காரரையே போடச் சொல்லுங்கள். அங்கிருந்து வரும் மரம் இங்கத்துக் காற்றுக்குப் பழக வேண்டும். ஒரு மாதம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பொருத்துங்கள்.

வேறொருவர் வீட்டு நிலையை நம் தலைவாசலுக்கு வைக்கலாமா?

மரத்தைப் பொறுத்தவரை தடை ஒன்றுமில்லை. ஆனால் நிலை வைப்பது நம் வீடுகளில் மஞ்சள் குங்குமம் வைத்து நாள் பார்த்துச் செய்யும் காரியம், வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் ஒப்ப வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பலர் தலைவாசலுக்குப் புது நிலை வைத்து, பழையதைப் பூஜை அறைக்கோ உள்வாசலுக்கோ வைக்கிறார்கள். அதுவும் இல்லையென்றால் பழைய நிலையின் மரத்தை அறுத்துப் புதிதாக நிலை செய்யலாம்.

வீடு வரை கொண்டுவர என்ன ஏற்பாடு?

சின்ன டாட்டா ஏஸ் போதும். முக்கால் டன் தாங்கும், தொட்டி நீளம் 7 அடி. 8 அடிக் கதவு என்றால் பின்பலகை திறந்து நீட்ட வேண்டியிருக்கும், சிவப்புத் துணி கட்டுங்கள். காலை, மாலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிக்குத் தடையுள்ள சாலைகள் உண்டு, மதிய நேரமாகப் பேசுங்கள். கதவைப் படுக்க வைத்து அதன்மேல் ஓடோ கல்லோ ஏற்றக் கூடாது; நிறுத்தி, நடுவில் சாக்குக் கொடுத்துக் கட்டச் சொல்லுங்கள். செதுக்குப் பக்கம் உள்நோக்கி இருக்கட்டும்.

அபார்ட்மெண்ட் என்றால் கிளம்பும் முன் லிஃப்டுக்குள் மூலைக்கு மூலை அளந்துவிடுங்கள். 7 அடி நிலை பல லிஃப்டில் நுழையாது. அப்போது நிலையின் மூட்டைக் கழற்றி நாலு துண்டாக ஏற்ற வேண்டும். கழற்றுமுன் ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கத்திலும் ஒரே எண்ணைச் சாக்பீஸால் எழுதாமல் பென்சிலால் எழுதுங்கள். சாக்பீஸ் ஏற்றும்போதே அழிந்துவிடும்.